கஞ்சமலையும் கர்ப்பிணிப் பெண்ணும்

சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை என்று ஒரு மலை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுவும் மற்ற மலைகளைப் போல ஒரு மலைதான். கிட்டப் போய் ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்து அதன்மேல் காந்தத்தை வைத்துப் பார்த்தால் அது ஒட்டிக்கொள்ளும். அந்த மலையே இரும்புத் தாது. 1830-ஆம் ஆண்டை ஒட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தபோது, சேலம் ஜில்லாத் தாதுவை நம்பித்தான் வைத்தார். அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், கொல்லர்கள் இரும்பை உருக்கிக் கொண்டிருந்தார்கள். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பேர் சொல்லும் ஊர் அதுதான் என்பது அறிஞர் கருத்து. அங்கே அகழ்ந்து பார்த்தவர்கள் உலைகளின் அடையாளங்களையும் இரும்புக் கசடுகளையும் கண்டெடுத்திருக்கிறார்கள்.

இத்தனை இரும்பு விளைந்த கொங்கு நாட்டில் ஒரு பொருளுக்கு மட்டும் எப்போதும் பஞ்சம். அது கர்ப்பிணிப் பெண்ணின் ரத்தத்தில் இருக்கவேண்டிய இரும்பு. ஒரு பெண்ணின் உடம்பு முழுவதையும் சேர்த்தால் இரும்பு மூன்று கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு சின்ன ஆணியின் எடை. அந்த ஆணியில் ஒரு பகுதி குறைந்துபோனதால் பிரசவ அறையிலிருந்து திரும்பி வராத பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பது சுவையான சரித்திரம். அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் பக்கத்து மலையிலேயே நடந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் பழைய இலக்கியத்தில் இருக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். புறநானூற்றின் 20-ஆவது பாட்டு, சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. இரும்பொறைகள் நம் கொங்குப் பக்கத்தோடு நெருங்கிய சேரர்கள். கரூருக்கு அருகே புகழூர் மலையில் அவர்கள் பெயர் வெட்டிய கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அந்தப் பாட்டில் புலவர் அரசனின் நாட்டுக் காவலைப் புகழ்கிறார். உன் மண்ணை, மசக்கை கொண்ட பெண்கள் ஆசைப்பட்டுத் தின்றால் உண்டே தவிர, பகைவர் யாரும் உண்ண முடியாது என்பது அவர் சொல்லும் கருத்து. அரசன் மகிழ்ந்திருப்பான். ஆனால் இன்றைய டாக்டர் ஒருவர் அந்தப் பாட்டைப் படித்தால், "அந்தப் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தீர்களா?" என்றுதான் கேட்பார். மண், சாம்பல், அடுப்புக் கரி, பல்பொடி, பச்சரிசி என்று கர்ப்பிணிகள் தின்னும் பழக்கத்துக்கும் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. எல்லா மசக்கையும் அப்படி அல்ல. இருந்தாலும் அது ஓர் அடையாளம். நாம் அதைக் கவிதையாக்கினோம், கேலியாக்கினோம், வளைகாப்புப் பாட்டாக்கினோம். நோயாக மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

நோயை அறவே அறியாமல் இருந்தோம் என்றும் சொல்லக்கூடாது. உடம்பு வெளுத்து, நகம் குழிந்து, நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிற நிலையைச் சித்த வைத்தியர்கள் 'பாண்டு' என்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த மருந்துகளில் அயச் செந்தூரம் ஒன்று, அன்னபேதிச் செந்தூரம் ஒன்று. அயம் என்றால் இரும்பு. அன்னபேதி என்பதும் இரும்பின் உப்புத்தான். 1832-ல் பியேர் பிளோ என்ற பிரெஞ்சு வைத்தியர் வெளுத்துப்போன இளம்பெண்களுக்கென்று ஒரு மாத்திரை செய்து ஐரோப்பா முழுதும் பெயர் வாங்கினார். அந்த மாத்திரைக்கு மூலப்பொருளும் நம்முடைய அன்னபேதியேதான்! ஆக, கிழக்கிலும் மேற்கிலும் மருந்து தெரிந்திருந்தது. தெரியாதது அளவு. யாருக்குக் குறைவு, எத்தனை குறைவு, குறைந்திருப்பது இரும்புதானா அல்லது வேறொன்றா? இந்த மூன்று கேள்விக்கும் கண்ணிமையை விலக்கிப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ரத்தத்தைத்தான் கேட்கவேண்டும்.

ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பதையே பதினெட்டாம் நூற்றாண்டில்தான் மெய்ப்பித்தார்கள். இத்தாலியில் பொலோனா நகரத்து மெங்கினி என்பவர் ரத்தத்தை உலர்த்திச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலில் காந்தத்தை வைத்தார். துகள்கள் எழும்பி ஒட்டிக்கொண்டன. கஞ்சமலைக் கல்லுக்குச் செய்கிற சோதனைதான்! பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1878-ல், லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற டாக்டர், ரத்தத்தின் சிவப்பை அளக்க ஒரு சிறு கருவி செய்தார். அதை ஸ்விட்சர்லாந்து தேசத்து ஹெர்மன் ஸாலி மாற்றி அமைத்தார். 'ஸாலி' கருவியை அறியாத ஆஸ்பத்திரி நம் ராஜ்யத்தில் இருந்திராது.

அது வேலை செய்யும் விதம் எளியது. விரல் நுனியில் ஊசியால் குத்தி, இருபது கன மில்லிமீட்டர் ரத்தத்தை மெல்லிய குழாயில் உறிஞ்சுவார்கள். அதைச் சிறிது அமிலம் விட்ட கண்ணாடிக் குழலில் ஊதுவார்கள். சிவப்பு ரத்தம் சற்று நேரத்தில் பழுப்பாக மாறும். பக்கத்தில் மாறாத பழுப்பு நிறமுள்ள கண்ணாடிக் கம்பி இருக்கும். குழலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு நிறமும் ஒன்றாகிறபோது நிறுத்தி, குழலில் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நிறைந்த ரத்தமானால் நிறையத் தண்ணீர் பிடிக்கும். சோகை ரத்தமானால் நாலு சொட்டிலேயே வெளுத்துப்போகும். சாயக்காரர் பாவு நூலை வெளிச்சத்தில் பிடித்து நிறம் ஒத்துப் பார்ப்பது போன்ற வேலை. அதனால் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும், ஜன்னல் வெளிச்சத்தைப் பொறுத்தும் மாறும். நூறு சதவீதம் என்றால் எத்தனை கிராம் என்பதிலேகூடக் கருவிக்குக் கருவி வித்தியாசம் இருந்தது. ஆயினும் அந்தக் கருவி ஒரு பெரிய காரியம் செய்தது. 'பெண்ணுக்கு வெளுப்பு' என்ற பேச்சை ஓர் எண்ணாக்கியது. பேச்சுக்கு மறுபேச்சு உண்டு. எண்ணுக்கு மறுபேச்சு அவ்வளவு சுலபம் இல்லை.

இனிமேல் நம் பக்கத்து மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினால் வருகிறது குன்னூர். 1868 வரை நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே குன்னூரை நாம் கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அங்கே 1907-ல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அந்த நிலையத்தில்தான் ராபர்ட் மக்காரிஸன் என்பவர் உணவு ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பாகத்து மக்கள் உண்ணும் உணவை வகை வகையாக வெள்ளெலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை என்று பஞ்சாபிய உணவு தின்ற எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. தீட்டிய அரிசி தின்ற நம் சென்னை ராஜதானி எலிகள் கடைசி வரிசையில் நின்றன!

அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு 1929-ல் ஓர் ஆங்கிலப் பெண்மணி வந்தார். பெயர் லூசி வில்ஸ். 1888-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து, முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வைத்தியத் தொழிலுக்கு வந்தவர். பம்பாய்த் துணி மில்களில் வேலை செய்த பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை ஆராய வரும்படி மார்கரெட் பால்ஃபர் என்ற டாக்டர் அழைக்க, 1928-ல் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு வந்தார் வில்ஸ். பிறகு குன்னூரில் சில காலம், 1931-ன் தொடக்கத்தில் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியில் சில காலம் ஆராய்ச்சி செய்தார். கோஷா ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

அவர் செய்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சோகை என்றால் இரும்பு கொடு என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் அந்தப் பெண்களில் சிலருக்கு இரும்பு எத்தனை கொடுத்தும் பயன் இல்லை. வில்ஸ் ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் பூசி நுண்பெருக்கியில் பார்த்தார். இரும்பு குறைந்த ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்திருக்கும். இந்தப் பெண்களின் அணுக்களோ வழக்கத்தைவிடப் பெருத்திருந்தன. ஆகவே இது வேறு சோகை, வேறு குறைவு. என்ன குறைவு என்று கண்டுபிடிக்க எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அந்த ஏழைப் பெண்களின் உணவையே கொடுத்துப் பார்த்தார். உயிர் போகும் நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தார். பீர் காய்ச்சும் சாலைகளில் கழிவாகப் போவதிலிருந்து செய்யும் மலிவான பண்டம் அது. குரங்கு பிழைத்துக்கொண்டது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் சில நாட்களில் பசியெடுத்து எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-ல் இந்தச் செய்தியை வெளியிட்டார்.

அந்தச் சாரத்தில் இருந்த பெயர் தெரியாத பொருளை 'வில்ஸ் காரணி' என்றே கொஞ்ச காலம் அழைத்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஃபோலிக் அமிலம்தான் அது என்று பிறகு தெரிந்தது. அதைச் செயற்கையாகச் செய்த லெடர்லி ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் தெரியுமோ? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! பம்பாய் மில் பெண்ணின் ரத்தத் துளியில் தொடங்கிய விஷயம், குன்னூர் மலை ஏறி, கடல் தாண்டி, ஒரு தெலுங்கர் கையில் மாத்திரையாயிற்று. இன்று நம் கிராமத்து நர்ஸ் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. இரும்பு பழைய பாண்டு வைத்தியத்தின் பங்கு. மற்றது லூசி வில்ஸின் பங்கு.

இதே நீலகிரியில் 1952-ல் இன்னொன்றும் தெரியவந்தது. லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடி மக்கள் சிலரின் ரத்தத்தில், அணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் பரம்பரைக் குணத்தைக் கண்டார்கள். ரத்தம் குறைவதற்கு இரும்புக் குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, புழு, மலேரியா, பரம்பரை என்று எத்தனையோ வாசல்கள். எந்த வாசல் வழியாக நோய் வந்தது என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது, எந்தக் கண்ணில் தூசி விழுந்தது என்று கேட்காமல் ஊதுவது போலத்தான்.

சரி, இரும்பே குறைவு என்றால் அதை நேரே கண்டுபிடிப்பது எப்படி? கொங்கு நாட்டுக் குடியானவருக்குச் சொல்வதானால் கிணற்றை வைத்துச் சொல்லலாம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பதால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? கிணறு அடிமட்டத்துக்குப் போனபிறகும் கடைசிச் சால் வரை வாய்க்கால் நனைந்துதான் இருக்கும். ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின் வாய்க்கால் தண்ணீர். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பு கிணற்றுத் தண்ணீர். ஸாலி கருவி வாய்க்காலை அளந்தது. கிணற்றை அளக்க வழி பிறக்க இன்னும் எழுபது வருஷம் ஆயிற்று.

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதத்துக்கு ஃபெரிட்டின் என்று பெயர். 1937-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் லாஃப்பெர்கர் என்பவர் குதிரையின் மண்ணீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அது ரத்தத்திலும் மிகச் சொற்பமாகக் கசிகிறது, சேமிப்பு குறைந்தால் கசிவும் குறைகிறது என்பதை 1972-ல் பிரிட்டனில் அளந்து காட்டினார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கிணறு வற்றிவிட்டது என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. 30-க்குக் கீழே போனாலே கவனிக்கவேண்டும் என்பவர்களும் உண்டு. ஒரு சங்கடம்: உடம்பில் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால், கிணறு வற்றியிருந்தாலும் ஃபெரிட்டின் ஏறியே காட்டும். ஆகையால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், அணுக்களின் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஹீமோகுளோபினுக்குப் பொது எல்லை டெசிலிட்டருக்கு 11 கிராம். ஏழுக்குக் கீழே போனால் அபாயம்.

கர்ப்ப காலத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சுமார் 300, தாயின் ரத்தம் பெருகுவதற்குச் சுமார் 500, நாள்தோறும் கழியும் செலவு மிச்சம். சேமிப்பில் 300 மில்லிகிராம் வைத்துக்கொண்டு கல்யாணம் ஆகிற பெண்ணே நம் ஊரில் அபூர்வம். தானிய உணவில் உள்ள இரும்பில் இருபதில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினால் அதிகம். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதுவும் குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் கூடும். நம் பாட்டிமார் கம்பை இரவில் காய்ச்சிப் புளிக்கவிட்டு மறுநாள் குடித்ததிலும், கீரையை இரும்புச் சட்டியில் வதக்கியதிலும் நியாயம் இருந்தது. புளிக்கவிட்ட தானியத்திலிருந்து இரும்பு எளிதில் பிரியும். சட்டியிலிருந்தும் கொஞ்சம் சேரும்.

கிராமங்களில் ரத்தம் எடுக்க வந்தால், "இருக்கிற ரத்தமே பத்தலீங்கறாங்க, அதையும் ஊசியில உறிஞ்சிட்டுப் போனா எப்படிங்க?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், கணக்கால் பதில் சொல்லலாம். ஊசி எடுப்பது இரண்டு மில்லிலிட்டர். அதில் போகும் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இல்லை. வெறுங்காலோடு ஈரத் தோட்டத்தில் நடக்கும்போது பாதத்தின் வழியே ஏறும் கொக்கிப் புழுவில் ஒரு வகை, நாளைக்கு 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தம் குடிக்கும். பத்துப் புழு இருந்தால் ஊசி ஒரு தடவை எடுப்பதை அவை தினமும் எடுத்துக்கொள்ளும், யாரிடமும் கேட்காது. அதனால்தான் கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்கு மேல் புழு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு திண்ணையில் நான் கேட்ட பேச்சு இது. மருமகளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப மாமியாருக்கு மனமில்லை.

"நாங்கெல்லாம் எட்டுப் பெத்தமுங்க. எங்களுக்கு யாரு ரத்தம் பாத்தா?" என்றார் அவர்.

நர்ஸ் வயதில் சின்னவள். மெதுவாக, "எட்டுல இப்ப எத்தனை இருக்குதுங்க, ஆத்தா?" என்று கேட்டாள்.

கிழவி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூணு," என்றார். தன்னுடைய அக்கா ஒருத்தி தலைச்சன் பிரசவத்திலேயே போனதையும் சொன்னார். "ஏங் கண்ணு, கூட்டிட்டுப் போ" என்று மருமகளைக் கைகாட்டினார்.

அந்த அக்கா எதனால் போனாள்? திண்ணையில் இருந்த யாருக்கும் தெரியாது. ஆனால் பிரசவத்தில் இறக்கும் பெண்களை அதிகம் கொண்டுபோவது ரத்தப் போக்குத்தான். அரை லிட்டர் ரத்தம் போனால், நிறைந்த ரத்தம் உள்ளவள் இரண்டு நாளில் எழுந்து நடப்பாள். ஏற்கெனவே பாதி ரத்தத்தோடு வந்தவளுக்கு அந்த அரை லிட்டர்தான் உயிர். மருத்துவச்சியின் கையையோ விதியையோ நொந்துகொண்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே குறைந்திருந்த எண்ணை யாரும் பார்த்திருக்கவில்லை.

இன்று பார்க்க வழி இருக்கிறது. 1970-ல் மத்திய சர்க்கார் சோகைத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. 1987-ல் தமிழ்நாடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு உதவித் திட்டம் தொடங்கியது. குன்னூர் உணவு ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டாலும், அதைப் பின்னர் நடத்திப் புகழ் பெற்ற சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். கோவை அவினாசிலிங்கம் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் உணவியலைப் பாடமாக்கிப் பெண்களிடம் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கக் காசு இல்லை. மாத்திரைக்கும் காசு இல்லை.

இவ்வளவு இருந்தும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்குச் சோகை என்று வந்தது. நம் ராஜ்யத்திலும் ஏறக்குறைய பாதி. விரல் நுனி ரத்தத்தில் அளந்ததால் கணக்குச் சற்றுக் கூடியிருக்கலாம் என்று வாதிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் கழித்தே வைத்துக்கொள்ளுங்கள்; மிச்சமும் கேவலமான தொகைதான். காரணம் கருவியில் இல்லை. மாத்திரை வயிற்றைப் பிடிக்கிறது, மலம் கறுக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பரிசோதனை நடக்கிறது, காகிதம் பைக்குள் போகிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சிய சாறும் சோறும்தான் கடைசியில் உட்காருகிறவளுக்கு. முட்டையும் கீரையும் மேலே கரண்டி போட்டவர்களோடு போய்விடுகின்றன.

கொங்கு நாட்டு ஆண்களுக்கு எண்கள் மனப்பாடம். ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை, திருப்பூரில் நூல் என்ன விலை, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, மாட்டுக்குப் பால் எத்தனை லிட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தாய் சேய் நல அட்டையில் நர்ஸ் பேனாவால் எழுதியிருக்கும் ஹீமோகுளோபின் எண் என்ன என்று கேட்டால், "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரமுங்க" என்பார்கள். சுண்டு விரல் அகலம்கூட இல்லாத கட்டத்தில் எழுதிய எண் அது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னால் அட்டையை எடுத்து ஒரு தரம் பாருங்கள். பதினொன்றுக்குக் கீழே இருந்தால், முதல் இலையை அவளுக்குப் போடச் சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்திருக்கிறதா, தீராமல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் நீங்களே கூடப் போய் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.